கொல்லைப்புற விருந்தாளிகள்

 

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் நமது பொன்னமராவதி வட்டாரத்துக் கொல்லைகளில் பறவைகளின் ஆரவாரம் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, மைனா ஆகியவற்றோடு, குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியும் சில தோட்டங்களில் சருகைக் கிளறிக் கொண்டிருக்கும். பிள்ளைகள் உடனே செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கிடைப்பதோ, இன்ன பறவையென்று சொல்ல முடியாத ஒரு கலங்கல்!

படம் தெளிவாக அமைவதில் அப்படியென்ன இருக்கிறது என்கிறீர்களா? 1896ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த ஸாலிம் அலி, சிறு வயதில் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் திட்டு அவரைச் சிந்திக்க வைத்தது. அந்த ஐயமே அவரைப் பறவையியலுக்கு அழைத்துச் சென்றது. 1941இல் இந்தியப் பறவைகள் குறித்த புகழ்பெற்ற நூலையும் எழுத வைத்தது. அன்று அந்தத் திட்டைக் காண ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. இன்றோ, பறவையைப் பறக்க விட்டபடியே நாம் அதைக் காணலாம். ஆனால், படம் தெளிவாக இருந்தால்தானே திட்டு தெரியும்?

முதலில் வெளிச்சம். பனி மூட்டத்தினூடே எடுக்கும் படம் எவ்வளவு நல்ல கருவியாயினும் மங்கலாகவே இருக்கும். மூட்டம் விலகி, இளவெயில் விழும் வரை பொறுத்திருங்கள். கதிரவன் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். உணவுத் தட்டுக்குப் பின்னே சுவரோ வேலியோ பத்தடியேனும் தள்ளி இருந்தால் பறவை மட்டும் துலங்கும். தட்டின் அருகே ஒரு முருங்கைக் குச்சியை நட்டு வையுங்கள். இறங்குமுன் அதில் அமர்ந்து பார்ப்பது பறவைகளின் வழக்கம்.

அடுத்து, அசைவு. சிறு பறவையின் தலை ஒரு கணமும் நிற்பதில்லை. கேமரா உள்ளவர்கள் ஷட்டர் வேகத்தை விநாடியில் 1/1000 பங்காக வைக்கவும். வெளிச்சம் போதாவிடில் ஐஎஸ்ஓ எண்ணை 800, 1600 என்று உயர்த்தலாம். படம் சற்றுப் பொரிந்து தெரிந்தாலும் கலங்குவதைவிட அது மேல். ஃபோகஸ் பறவையின் கண்ணில் விழ வேண்டும். கண் தெளிந்தால் படம் முழுதும் தெளிந்ததுபோல் தோன்றும். ஜன்னல் விளிம்பில் தலையணையை வைத்து அதன்மேல் கருவியைத் தாங்குங்கள். செல்போனில் மிகையாகப் பெரிதாக்காமல், தட்டைச் சிறிது சிறிதாக ஜன்னலுக்கு அருகே நகர்த்தி வாருங்கள். நாளுக்கு ஓரடி போதும்.

இதற்கெல்லாம் மேலானது, பறவையின் அச்சமின்மை. அஞ்சிய பறவை நில்லாது. நில்லாத பறவை படத்தில் தெளியாது. ஆகவே ஃபிளாஷை அணைத்து விடுங்கள். குருணை, கம்பு, பழத்துண்டு வையுங்கள். உப்பும் எண்ணெயும் கலந்த மிச்சச் சோறு வேண்டாம். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவுங்கள். பூனை பதுங்கும் புதரருகே தட்டை வைக்காதீர்கள்.

நல்ல படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை வெட்டுவதும், குஞ்சைக் கையில் எடுப்பதும் பெரும் பிழையாகும். பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி பணித்த செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நமக்கு அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றி வாழும் மக்களோ, அங்கு வந்து தங்கும் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் தங்கள் கொண்டாட்டத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் ஒரு படத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

இந்த விடுமுறையில் பிள்ளைகளை ஜன்னலருகே அமர வையுங்கள். முதல் மூன்று நாள் கருவியைத் தொட வேண்டாம். எது, எப்போது, எங்கே அமர்கிறது என்று பார்க்க மட்டும் சொல்லுங்கள். நான்காம் நாள் எடுக்கும் படம், இன்ஷா அல்லாஹ், தெளிவாகவே அமையும். அந்தச் சிறகின் வண்ணத்தைக் கண்டு அவர்கள் வாய் ஸுப்ஹானல்லாஹ் என்று மொழியுமானால், அதைவிட வேறென்ன பரிசு வேண்டும்?