தோள்பட்டை ஆபரேஷன் பில்லில் 'ஆங்கர்': ஒரு குட்டி ஸ்க்ரூவுக்கு நாம ஏன் கண்ணை மூடிக்கிட்டு காசு கட்டுறோம்?



ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. ரூம் வாடகை, கோ-பேமென்ட், வெயிட்டிங் பீரியட் எல்லாம் பார்த்தோம். ஆனா பில்லில் ஒரே வரியில வர்ற "இம்ப்ளான்ட்" பத்தி நான் தனியா பேசினதே இல்லை. போன வருஷம் எங்க அக்கா வீட்டுலயே அந்த வரி வந்து நின்ன பிறகுதான் எனக்கே அது உறைச்சது.

மாமா மழையில பைக்ல வழுக்கி விழுந்தார். எலும்பு உடையல. ஆனா கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல. ஸ்கேன்ல தோள்பட்டை தசைநார் எலும்புல இருந்து கிழிஞ்சு விலகியிருக்குன்னு தெரிஞ்சது. கீ-ஹோல் ஆபரேஷன் பண்ணணும்னாங்க. எஸ்டிமேட் பேப்பர்ல எல்லாத்துக்கும் ஒரு தொகை போட்டிருந்தது. கடைசி வரியில மட்டும் "இம்ப்ளான்ட் தனி, பயன்படுத்துவதைப் பொறுத்து" அப்படின்னு இருந்தது. கேஷ்லெஸ் இருக்கேன்னு நாங்களும் கையெழுத்துப் போட்டுட்டோம்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லில் 4 ஆங்கர். கேஸ் ஷீட்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 2. இன்சூரன்ஸ் கம்பெனி 2-க்கு மட்டும் அப்ரூவல் கொடுத்துட்டு மீதியை நிறுத்தி வச்சிருச்சு. பணம் கட்டினாதான் வீட்டுக்கு. அக்கா தன் செயினை அடகு வச்சு கட்டினா. 10 நாள் அலைஞ்ச பிறகு, மீதி 2 ஸ்டிக்கரும் ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர்ல ஒட்டியிருந்தது தெரிஞ்சது. ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டு பணமும் வந்திருச்சு. அடகு வட்டியை மட்டும் யாரும் திருப்பித் தரலை.

முதல்ல, ஆங்கர்னா என்ன?

தசைநாரை எலும்போட நேரடியா தைக்கிறது சுலபமில்லை. அதனால சின்ன ஸ்க்ரூ மாதிரி ஒண்ணை எலும்புக்குள்ள இறக்குவாங்க. அதோட தலையில உறுதியான நூல் கோர்த்திருக்கும். அந்த நூலை தசைநார் வழியா எடுத்து முடிச்சுப் போட்டு எலும்போட சேர்த்துக் கட்டுவாங்க. டைட்டானியத்துல இருக்கு, 'பீக்'ங்கற பிளாஸ்டிக் வகையில இருக்கு, உடம்புக்குள்ளயே மெதுவா கரையறதும் இருக்கு. ஸ்க்ரூவே இல்லாம முழுக்க நூலாலயே செஞ்சதும் இப்போ இருக்கு. முழங்கால் ஏ.சி.எல். ஆபரேஷன்லயும் இதே வேலைக்கு தனி ஸ்க்ரூ, பட்டன்னு வச்சிருக்காங்க.

இங்க பணம் சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. எத்தனை ஆங்கர் வேணும்னு கிழிசலை நேர்ல பார்த்த பிறகுதான் டாக்டரால உறுதியா சொல்ல முடியும். அது நியாயம்தான். ஆனா அந்த நேரத்துல நோயாளி மயக்கத்துல இருப்பார், வீட்டுக்காரங்க வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்க. பேரம் பேசவே முடியாத இடத்துல நடக்கிற வியாபாரம் இது.

ஸ்டென்ட்டுக்கு ஒரு நியாயம், ஆங்கருக்கு ஒரு நியாயமா?

2017 பிப்ரவரியில தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வச்சது. மருந்து பூசின ஸ்டென்ட் 29,600 ரூபாய்னு வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட்ல செயற்கை மூட்டுக்கும் வச்சாங்க. சுமார் 1.58 லட்சத்துக்கு வித்துக்கிட்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்குச்சு. எத்தனை குடும்பம் தப்பிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆங்கருக்கு இப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவ சாதனங்களும் மருந்துச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு, எம்.ஆர்.பி.-யை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு விதி இருக்கு. கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா ஆரம்ப எம்.ஆர்.பி.-யையே எகிற வச்சுட்டா, 10 சதவீத கட்டுப்பாடு நமக்கு என்ன பண்ணும்?

2018-ல இதே ஆணையம் டெல்லி சுற்றுவட்டாரத்துல 4 தனியார் மருத்துவமனைகளோட பில்களை ஆராய்ஞ்சப்போ, சில பொருள்கள்ல 1,737 சதவீதம் வரைக்கும் லாபம் இருந்தது தெரிய வந்தது. எல்லா ஆஸ்பத்திரியும் அப்படித்தான்னு நான் சொல்லலை. எம்.ஆர்.பி.-ங்கறது வாங்கின விலை இல்லைங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

என் கருத்து

ஆங்கருக்கும் நேரா உச்சவரம்பு வைக்கணும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை. ஆங்கர்ல வகை ரொம்ப அதிகம், எல்லாத்துக்கும் ஒரே விலை சரிப்படாது. 2017-ல ஸ்டென்ட் விலை இறங்கினதும், சில கம்பெனிகள் விலை அதிகமான மாடல்களை இந்தியாவுல இருந்து திரும்ப எடுத்துக்க அனுமதி கேட்டதையும் மறக்கக்கூடாது.

அதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கு. 2021-ல கொரோனா நேரத்துல ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர் மாதிரி சாதனங்களுக்கு, விநியோகஸ்தருக்குக் கொடுக்கிற விலையில இருந்து 70 சதவீதத்துக்கு மேல லாபம் கூடாதுன்னு அரசே கட்டுப்படுத்துச்சு. கம்பெனி என்ன விலை வேணா வைக்கட்டும், நடுவுல ஏறுற பங்குக்கு ஒரு எல்லை. இதை ஆங்கருக்கும் ஏ.சி.எல். ஸ்க்ரூவுக்கும் கொண்டு வரலாமே! டாக்டர் கையையும் கட்ட வேண்டாம், நம்ம பையும் கிழியாது.

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது

1. "இம்ப்ளான்ட் தனி"ன்னு இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. எந்த கம்பெனி, எந்த வகை, ஒண்ணு என்ன விலை, அதிகபட்சம் எத்தனை வரலாம்னு எழுதி வாங்குங்க. ஒரு ஆங்கர் 15,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 2 ஆனா 30,000, 4 ஆனா 60,000. மேல் எல்லை தெரிஞ்சாதான் பணத்தை ரெடி பண்ண முடியும்.

2. டாக்டர்கிட்ட "இதைவிட விலை குறைஞ்சது இருக்கா, எனக்கு அது போதுமா?"ன்னு மரியாதையா கேளுங்க. கேட்கிறது தப்பே இல்லை. ஆனா முடிவை அவர்கிட்ட விடுங்க. காசை மிச்சம் பிடிக்கிறோம்னு தோளை ரிஸ்க்ல வைக்க வேண்டாம்.

3. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே ஸ்டிக்கரை எண்ணுங்க. பில்லில் இருக்கிற எண்ணிக்கையும் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் ஒண்ணா இருக்கணும். நாங்க கோட்டை விட்டது இங்கதான்.

4. ரூம் வாடகை வரம்பைத் தாண்டினா மத்த செலவையும் விகிதப்படி வெட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா இம்ப்ளான்ட், மருந்து, டெஸ்ட் இந்த மூணையும் அப்படி வெட்டக்கூடாதுன்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லயே சொல்லியிருக்கு. வரம்பு 5,000, நீங்க எடுத்தது 10,000 ரூபாய் ரூம்னா, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் பாதியாகலாம். ஆங்கர் பில்லை அந்தக் காரணம் சொல்லி பாதியாக்கினா, பாலிசி வாசகத்தைக் காட்டி எழுத்துல கேளுங்க.

5. பல பாலிசிகள்ல தசைநார், மூட்டு சம்பந்தமான சிகிச்சைக்கு 2 வருஷ வெயிட்டிங் பீரியட் இருக்கும், விபத்துன்னா அது பொருந்தாது. அதனால எப்போ, எப்படி விழுந்தீங்கன்னு அட்மிஷன் குறிப்புல உள்ளது உள்ளபடி பதிவாகியிருக்கான்னு பாருங்க.

மாமா இப்போ கையை நல்லா தூக்குறார். அந்த டாக்டர் மேல எனக்கு மரியாதைதான். கோபமெல்லாம் அந்த ஒரு வரி எஸ்டிமேட் மேலதான். நாலு ஸ்டிக்கரை எண்ண எனக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது. பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற நானே அதைச் செய்யலை. நீங்களாவது செய்யுங்க.

உங்க வீட்டுல இப்படி இம்ப்ளான்ட் பில் வந்திருந்தா, இன்சூரன்ஸ்ல எவ்வளவு கிடைச்சது, எதை வெட்டினாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல ஒரு பில்லை வரி வரியா பிரிச்சுப் பார்க்கலாம்.