காது கேட்காது, சத்தமும் ஆகாது

"காது கேக்கலைங்கறீங்க. குக்கர் விசில் அடிச்சா காதைப் பொத்திக்கறீங்க. என்னப்பா கணக்கு இது?" என்று என் மகன் கேட்டான். ரொம்ப நாள் எனக்கும் பதில் தெரியவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருஷம் பவர் பிரஸ் பக்கத்தில் நின்றவன் நான். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் என்று விதி இருந்தது. எங்களிடம் இருந்தது பஞ்சு.

ஓய்வுக்குப் பிறகு ஒரு கடையில் காது மெஷின் வாங்கினேன். 'பீப்' கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள், விலையைச் சொன்னார்கள், முடிந்தது. வெளியே வந்ததும் ஒரு பஸ் ஹாரன் அடித்தான். மண்டைக்குள் ஆணி இறங்கியது போல இருந்தது. அன்றே மெஷின் அலமாரிக்குப் போய்விட்டது. முகப்பேரில் எத்தனை வீட்டு அலமாரியில் இப்படித் தூங்குகிறதோ!

பிறகு பார்த்த ஆடியாலஜிஸ்ட் அம்மாதான் புரியவைத்தார். உள்காதின் மயிர்ச் செல்கள் கெட்டால் மெல்லிய ஒலி கேட்காமல் போகும். பெரிய ஒலி பெரியதாகவே வந்து விழும். நல்ல காதுக்கு 0-விலிருந்து 100 டெசிபல் வரை இடம் இருக்குமாம். எனக்கு 55-ல்தான் கேட்க ஆரம்பிக்கிறது, 90-ல் தாங்கவில்லை. இந்தச் சந்துக்குள்தான் பேரன் பேச்சும் பஸ் ஹாரனும் போய்வர வேண்டும்.

அளந்த விதம் எளிது. 'மெதுவாக', 'சரியாக', 'சத்தம், ஆனால் பரவாயில்லை', 'தாங்கவில்லை' என்று ஒரு அட்டை. ஒலியை 5 டெசிபல் வீதம் ஏற்றுவார், நாம் அட்டையைக் காட்டிச் சொல்ல வேண்டும். நான் கண்ணில் நீர் வரும்வரை 'பரவாயில்லை' என்றேன். "மரியாதைக்குச் சொல்லாதீங்க சார், உங்க மெஷின்தான் கெடும்" என்று திட்டினார். நம் தலைமுறைக்கு இந்தச் சொல்லை விடுவது கஷ்டம். சரியான அளவு கிடைத்ததும், மெஷின் அதற்கு மேல் ஒலி எழுப்பாதபடி வரம்பு வைத்தார். எல்லாம் கால் மணி நேரம்.

இதை அளக்காமல் மெஷினை விற்பது, கால் அளவு பார்க்காமல் செருப்பு விற்கிற மாதிரி. வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: "எது கேக்குதுன்னு பாத்தீங்க, எது தாங்கலைன்னு பாத்தீங்களா?" தொந்தரவென்று நாள் முழுக்கப் பஞ்சு வைத்துக்கொள்ளவும் வேண்டாம்; அமைதிக்கே பழகிய காதுக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகிவிடுமாம்.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு விதி சொல்கிறது. ஆடி மாசம் வருகிறது. எங்கள் தெரு முனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். இந்தத் தடவை மெஷினைக் கழற்றாமல் கூழ் வாங்கப் போகலாம் என்று இருக்கிறேன்.