அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு கேள்வி





சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால இரவு. நங்கநல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். மாடி போர்ஷனில் கணவன், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் என்று ஒரு சிறு குடும்பம் குடியிருந்தது. பத்து மணி தாண்டியிருக்கும். கட்டிலில் படுத்திருந்த என் மாமியார் மேலே பார்த்தபடி, "மாடியில ஏதோ ஓடுது. மனுஷ நடை இல்ல" என்றார். காது கொடுத்துக் கேட்டேன். மொசைக் தரையில் நகம் படும் சத்தம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடி, நின்று, மறுபடி திரும்பி ஓடியது.

மறுநாள் காலை மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனபோது, படியில் அந்தப் பெண் எதிரே வந்தாள். "ராத்திரி என்னம்மா சத்தம்?" என்று கேட்டேன். "டிவி, ஆன்ட்டி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னாள். கதவுக்குப் பின்னால் ஒரு முனகல் எழுந்து, யாரோ அணைத்துக்கொண்டதுபோல் அடங்கியது.

எனக்குக் கோபம் வந்தது. பீரோவைத் திறந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்தேன். 'வாடகைதாரர் செல்லப் பிராணிகள் வளர்க்கக் கூடாது' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் அருகருகே இருந்தன. அப்போதே மாடியேறிக் கேட்டுவிட வேண்டும் என்று பத்திரத்தோடு கிளம்பினேன். மாமியார்தான் நிறுத்தினார். "கேளு, வேண்டாங்கலை. கோபம் ஆறினப்புறம் கேளு. அந்தக் குழந்தையப் பொய் சொல்ல வச்சிருக்காங்க. அவங்களுக்கு என்ன பயமோ, அதையும் யோசி."

யோசித்தேன். அவர்கள் வீடு பார்க்க வந்த நாளில் எங்கே வேலை, எத்தனை பேர், எத்தனை வண்டி நிறுத்தணும், தண்ணீர் எவ்வளவு ஆகும் என்று எத்தனையோ கேட்டிருந்தேன். நாய் பூனை உண்டா, இனிமேல் வளர்க்கும் எண்ணம் உண்டா என்று கேட்கவே இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த அந்த வரியும் நான் எழுதச் சொன்னதில்லை. பத்திரம் தயாரித்தவரிடம் ஏற்கெனவே இருந்த படிவத்தில் வந்த வரி. இரண்டு பேருமே படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டே நாள் டைம் குடுங்கக்கா, எங்கயாவது விட்டுடறேன்" என்றார். அந்தப் பெண் ஒரு துண்டில் சுற்றிய குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். பள்ளிவிட்டு வரும் வழியில், மழையில் கால்வாய் ஓரமாகக் கிடந்த தெருநாய்க் குட்டி அது.

'எங்கயாவது' என்ற சொல்தான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. அந்த எங்கேயாவது என்பது பெரும்பாலும் ஒரு மார்க்கெட்டின் பின்புறமாக இருக்கும், அல்லது நெடுஞ்சாலை ஓரமாக. வீட்டுச் சோறு தின்று பழகிய குட்டிக்கு அங்கே பசியும் வண்டிச் சக்கரமும்தான் காத்திருக்கும். ஒப்பந்தத்தை மீறியவர் அவர். கேட்க மறந்தவள் நான். தண்டனை மட்டும், அந்தப் பத்திரத்தில் கையெழுத்தே போடாத உயிருக்கு. அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

பட்டினியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது குற்றம் என்று, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் பிறந்ததில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல், தனிநபர் மசோதாவாக அதை முன்வைத்துப் போராடினார். அதன் விளைவாகவே அரசு சட்டம் கொண்டுவந்தது. 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் தொடங்கப்பட்டபோது முதல் தலைவரும் அவரே. அவர் நிறுவிய கலாக்ஷேத்ரா இருக்கும் அதே திருவான்மியூரில்தான் அந்த வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் இருந்தது.

இதை எழுதும்போது வீட்டு உரிமையாளர்களின் கவலையைச் சின்னதாக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் எனக்கு இருக்கிறது. பி.எஃப். பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டிய வீட்டின் ஒரு போர்ஷன் வாடகைதான் பலருக்கு ஓய்வூதியம். மொசைக்கிலும் கல் இணைப்பிலும் ஊறிய சிறுநீர் வாடை ஃபினாயிலுக்குப் போகாது. பல் முளைக்கும் மாதங்களில் குட்டி கதவு நிலையைக் கடிக்கும். நாளெல்லாம் தனியே பூட்டிவைத்தால் குரைக்கும், கதவைச் சுரண்டும். அது தனிமையின் தவிப்பு என்று நமக்குப் புரிந்தாலும், பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குபவருக்கு அது வேதனைதான். படியேறும் முதியவருக்கு நாய்க்கடி பயம் இருக்கும். இந்தக் கவலைகளெல்லாம் நியாயமானவை. இவற்றைப் பேசித் தீர்க்க வழி இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் வேறு, வீட்டு உரிமையாளர் வேறு. பெரும்பான்மை வாக்கெடுத்துக்கூட ஒரு சங்கம் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை அனுப்பியது. சங்க விதிகளில் இருக்கும் அப்படிப்பட்ட தடை செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல் தீர்ப்பளித்தது. வாடகை என்பதோ இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தம். அதில் ஒப்புக்கொண்டதை மதிக்க வேண்டிய கடமை வாடகைதாரருக்கு உண்டு. சங்கத்துக்குச் சொன்னதை வைத்துக்கொண்டு உரிமையாளரிடம் வாதாடுவது சரியல்ல.

அதே நேரத்தில் உரிமையாளரின் கையும் கட்டற்றதல்ல. தமிழ்நாட்டில் உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினொரு மாதமோ பத்து ஆண்டோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். நாய் வளர்த்தார் என்பதற்காகத் தண்ணீரை நிறுத்தவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ கூடாது. சாமானைத் தூக்கி வெளியே வைக்கக் கூடாது. காலி செய்ய வைக்க வேண்டுமானால் வாடகை நீதிமன்றம்தான் வழி. நாய் இருக்கிறதா பார்க்கிறேன் என்று மாற்றுச் சாவி போட்டுத் திறப்பதும் தவறு. முன்கூட்டி எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அன்று மாலை நாங்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் ஊசி. சான்றின் நகல் எனக்கு ஒன்று. மாநகராட்சி உரிமம். (தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். சென்னையில் இப்போது மைக்ரோசிப்பும் பொருத்தச் சொல்கிறார்கள்.) படியில் இறங்கும்போது கழுத்தில் கயிறு. படியோ வாசலோ அசுத்தமானால் அந்த நிமிடமே அவர்கள் கழுவிவிட வேண்டும். மொட்டைமாடியில் கட்டிப்போட்டுவிட்டு வெளியூர் போகக் கூடாது. கதவு, தரை, சுவர் எல்லாவற்றையும் அன்றைக்கே போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொண்டோம். காலி செய்யும்போது அதை வைத்தே சேதத்தைக் கணக்கிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்வது என்று முடிவு. பழைய ஒப்பந்தத்தோடு அந்தத் தாளையும் இணைத்து, இருவரும் கையெழுத்திட்டோம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான்.

எல்லா வீட்டிலும் இது இப்படி முடிய வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கலாம், நாயைக் கண்டாலே நடுங்குபவர் இருக்கலாம். 'முடியாது' என்பதும் நேர்மையான பதில்தான். அப்படிச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: நாள் கொடுங்கள். இரண்டு நாளில் ஒரு நாயை எங்கே கொண்டுபோய் விட முடியும்? அந்த உயிருக்கு ஒரு நல்ல வீடு கிடைக்கும் வரை, அல்லது அந்தக் குடும்பம் வேறு வீடு பார்க்கும் வரை, ஓரிரு மாதம் பொறுங்கள். தெரிந்தவர்களிடம் நீங்களும் விசாரியுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களே, உங்களுக்கும் ஒன்று. இல்லையென்று சொல்லி உள்ளே கொண்டுவந்த நாய்க்கு உங்கள் வீட்டில் நிம்மதி இருக்காது. குரைத்தால் வாயைப் பொத்துவீர்கள். பகலில் நடக்கக் கூட்டிப்போகத் தயங்குவீர்கள். மருத்துவரிடம் கொண்டுபோகவே யோசிப்பீர்கள். உங்கள் பிள்ளை படியில் நின்று பொய் சொல்லும். முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்து வீடு இல்லையென்றாலும் பதினோராவது வீட்டில் தலைநிமிர்ந்து இருக்கலாம். சொல்லிவிட்டாலும் எல்லா உயிரையும் வளர்த்துவிட முடியாது: பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை போன்றவற்றை வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றுக்கு உரிமையாளர் சம்மதித்தாலும் இடமில்லை.

இங்கிலாந்தில் 2025-இல் இயற்றிய வாடகைதாரர் சட்டம், வாடகைதாரர் பிராணி வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்டால் உரிமையாளர் 28 நாளுக்குள் பதில் தர வேண்டும், தகுந்த காரணமின்றி மறுக்கக் கூடாது என்கிறது. நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அந்தக் குடும்பம் மூன்று வருடம் எங்கள் மாடியில் இருந்தது. கடைசி ஒரு வருடம் என் மாமியார் நடக்க முடியாமல் இருந்தார். தினமும் மாலை அந்த நாய் தானாக இறங்கிவந்து அவர் கட்டிலருகே படுத்துக்கொள்ளும். அவர்கள் காலி செய்தபோது, போட்டோவைப் பார்த்து, கதவின் கீழ்ப்பகுதியில் இருந்த கீறலுக்கு அந்தப் பெண்ணின் அப்பாவே தச்சர் கூலி எவ்வளவென்று விசாரித்துச் சொன்னார். கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் டு-லெட் போர்டைப் பார்த்துவிட்டு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். நான் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "வீட்டுல நாய், பூனை ஏதாவது இருக்காப்பா?" என்றுதான் முதலில் கேட்டேன். கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பூனை இருக்கு ஆன்ட்டி. பார்த்த வீட்டுல எல்லாம் சொல்லாமதான் இருந்தோம்" என்றாள்.

"உள்ள வந்து உட்காருங்க. பேசலாம்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கலாம், நடக்காமல் போன வருத்தமும் இருக்கலாம். உரிமையாளரோ, குடியிருப்பவரோ, எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்