ஆறு பேரைச் சேருங்கள்!

பத்து வருஷமாகப் பேச்சே இல்லாத சிநேகிதர் ஒருவர் திடீரென்று டெலிபோனில் அழைக்கிறார். வீட்டில் எல்லோருடைய க்ஷேமத்தையும் வெகு அக்கறையாக விசாரிக்கிறார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் கூட்டம். தாங்களும் வீட்டு அம்மாளும் அவசியம் வரவேண்டும். அருமையான சந்தர்ப்பம்!" என்கிறார். என்ன சந்தர்ப்பம் என்று கேட்டால், "நேரில் வாருங்கள், தெரியும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நேயர்களில் இவ்வழைப்பு இதுவரை வராதவர்கள் பாக்கியசாலிகள்.

இந்த வியாபாரத்துக்குப் பெயர்கள் பல. பல அடுக்கு வியாபாரம் என்பார்கள், நெட்வொர்க் என்பார்கள், நேரடி விற்பனை என்பார்கள். உள்ளூரில் பெயரைக் கெடுத்துக்கொண்டவர் வேறு ஊருக்குக் குடிபோவதுபோல, இது ஒரு பெயர் கெட்டதும் அடுத்த பெயருக்குக் குடிபோய்விடுகிறது. ஏற்பாடு என்னவோ ஒன்றுதான். பணம் கட்டியோ சரக்கு வாங்கியோ நாம் சேரவேண்டும். பிறகு ஆறு பேரைச் சேர்க்கவேண்டும். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கவேண்டும். கீழே உள்ளவர்கள் வாங்குவதில் மேலே உள்ளவர்களுக்குப் பங்கு.

நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்கள். ஆகையால், அக்கூட்டங்களில் காட்டும் படத்தைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கும் துர்ப்பழக்கம் நமக்கு உண்டு. உச்சியில் ஒருவர். அவருக்குக் கீழே 6 பேர், அடுத்த படியில் 36, பிறகு 216, நான்காவது படியில் 1,296. கூட்டத்துப் படம் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். நாம் நிற்க வேண்டாம். ஐந்தாவது படி 7,776. ஆறாவது 46,656. ஏழாவது 2,79,936. எட்டாவது 16,79,616. ஒன்பதாவது 1,00,77,696. பத்தாவது படியில் 6,04,66,176 பேர்! உச்சியிலிருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 7,25,59,411. தமிழ்நாட்டின் ஜனத்தொகையோ 2011-ம் வருஷக் கணக்கின்படி சுமார் 7 கோடியே 21 லட்சம். தொட்டில் குழந்தையையும் படுத்த படுக்கையாயிருக்கும் பாட்டியையும் சேர்த்துக்கொண்டால்கூடப் பத்தாவது படி நிரம்பாது. பதினோராவது படிக்கு ஆட்களை எங்கே தேடுவது?

இதைவிட விசேஷமான சங்கதி ஒன்று அந்தப் படத்திலேயே ஒளிந்திருக்கிறது. ஆறாறு பேராகப் போகும் இந்தச் சங்கிலியை எந்தப் படியில் நிறுத்தினாலும், மொத்தப் பேரில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அதாவது, நூற்றுக்கு எண்பத்துமூன்று பேருக்குக் கீழே ஒருவரும் இல்லை. "உழைத்தவன் ஜயிப்பான், தோற்றவன் சோம்பேறி" என்று மேடையில் முழங்குகிறார்களே, அவர்கள் இந்தப் பின்னத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கடைசிப் படியில் நிற்பவர்கள் இராப்பகலாக உழைத்து ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால், புதிதாக வந்தவர்கள் அந்த ஐந்து பங்காகிவிடுகிறார்கள். அவ்வளவே.

சரக்கை வெளியாருக்கு விற்று லாபம் சம்பாதிக்கக் கூடாதா என்றால், தாராளமாகச் சம்பாதிக்கலாம். அது வியாபாரம். 1979-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் ஆம்வே கம்பெனியை விசாரித்து, அது சட்ட விரோதமான பிரமிடு அல்ல என்று தீர்ப்பளித்ததற்கு, வெளியாருக்கு விற்கவேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அதன் விதிகளே முக்கிய காரணம். அதே கமிஷன் ஹெர்பலைஃப் கம்பெனியின் மீது, நல்ல வருமானம் வரும் என்று ஜனங்களை ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டியது. 2016-ல் அந்தக் கம்பெனி 20 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. மறு வருஷம் சுமார் மூன்றரை லட்சம் பேருக்குத் தபாலில் செக்குகள் போயின. பெரும்பாலான செக்குகள் 100 முதல் 500 டாலர் வரைதான்.

நம் தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் பலர் நினைப்பதைவிடக் கடுமையானது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ம் வருஷத்துச் சட்டம், நடத்துகிறவரை மட்டும் தடுக்கவில்லை. அதில் உறுப்பினராகச் சேருவதையும் தடுக்கிறது. "நான் வெறும் மெம்பர்தானே!" என்ற சமாதானம் செல்லாது. நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடு நடத்துவதை 2021-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் தடை செய்கின்றன.

பணம் போவதை எப்படியும் சகித்துக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் சேமநிதியில் அறுபதாயிரம் ரூபாய் கடன் வாங்கிச் சத்துமாவு டப்பாக்களும் மாத்திரைப் புட்டிகளும் வாங்கி அடுக்கினார். நல்ல மனிதர்; எவரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். முதலில் தங்கையைச் சேர்த்தார். அண்ணன் சொல்லைத் தட்டக்கூடாதென்று அந்தப் பெண் மூன்று மாதம் வாங்கினாள். பிறகு மாப்பிள்ளையின் தம்பி, எதிர்வீட்டுக்காரர், பழைய மாணாக்கர்கள். வெளியார் ஒருவர்கூட ஒரு டப்பா வாங்கவில்லை. அவர் உண்மையில் விற்றது மாவையா, இத்தனை வருஷம் சம்பாதித்த மரியாதையையா? கடன் போன வருஷம் தீர்ந்துவிட்டது. தங்கை வீட்டுக் கிருஹப்பிரவேசத்துக்கு மட்டும் அவருக்கு அழைப்பு வரவில்லை.

ஆகையால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைக்கும் சிநேகிதரைக் கோபிக்க வேண்டாம். பெரும்பாலும் அவரும் கடைசிப் படியில் நிற்பவரே. காப்பி கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "போன மாதம் இந்தச் சங்கிலியில் சேராத எத்தனை பேருக்குச் சரக்கு விற்றீர்கள்? எங்கே, ரசீதுகளைப் பார்ப்போம்!" ஏற்கனவே சேர்ந்துவிட்டவர்கள் புட்டிகளின் முத்திரையை உடைக்காமல், ரசீதுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்தி, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கம்பெனிக்கு எழுத்து மூலம் கேட்கவேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.