சிலுவைராஜ் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்?

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. இன்றுவரை நம் தோழர்களில் பலருக்கு அதைப் படித்தால் முகம் சுருங்கிவிடுகிறது. "இன்னா தோழர் இது, பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு காட்றாரு, போராட்டம் எங்க?" என்று திண்டிவனத்தில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டார். மறுபக்கம், இலக்கியப் பெரியவர்கள் இதே நாவலைக் கசப்பில்லாத நகைச்சுவை என்று தட்டிக்கொடுக்கிறார்கள். இந்த இரண்டு பேச்சும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். சேரிப் பையன் அழ வேண்டும், இல்லாவிட்டால் முஷ்டியை உயர்த்த வேண்டும். சிரித்தானா, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டான் என்று அர்த்தம்!

சிலுவைராஜ் புதுப்பட்டிச் சேரியில் பிறந்த கிறித்தவப் பையன். அப்பா பட்டாளத்துக்காரர். ஊர், கோயில், வாத்தியார், சாமியார், உடம்பில் புதுசாகக் கிளம்பும் ஆசை என்று ஒவ்வொன்றிலும் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். எதிலும் அவன் வீரன் இல்லை. அவன் வளர்ந்த காலமோ முதுகுளத்தூர் (1957), இந்தி எதிர்ப்பு (1965), வெண்மணி (1968) என்று தமிழ்நாடு பற்றி எரிந்த காலம். அந்த நெருப்புக்கு நடுவில் ஒரு பையனுக்கு மீசை முளைப்பதும், பொய் சொல்வதும், ஏமாறுவதும் நடக்கத்தானே செய்யும்? அதை எழுத நமக்கு ஏன் கூச்சம்?

புதுச்சேரி சாலையை ஒட்டிய எங்கள் கிளியனூர்ப் பக்கத்தில், ஊர்த்தெரு வழியாகப் போகும்போது சத்தம் போட்டுச் சிரிக்காதடா என்று சொல்லித்தான் அம்மாக்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். "இன்னாடா பல்லக் காட்ற?" என்று ஒருத்தன் கேட்டால் போதும், அன்று சண்டை நிச்சயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள். நன்றாகப் படிப்பதும், தலை நிமிர்ந்து நடப்பதும், வாய்விட்டுச் சிரிப்பதும் இங்கே குற்றப் பட்டியலில் இருக்கின்றன. 'தலித் பண்பாடு' (1993) எழுதிய ராஜ் கௌதமனுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் சிரிக்கிறார். சாமியாரைப் பார்த்துச் சிரிக்கிறார், அப்பனைப் பார்த்துச் சிரிக்கிறார், முதலில் தன்னையே பார்த்துச் சிரிக்கிறார். தன்னைத் தானே கிண்டல் பண்ணத் தெரிந்தவனை இன்னொருத்தன் எதைச் சொல்லி அவமானப்படுத்துவான்?

நாவலின் பெரிய பகடி கடைசியில் இருக்கிறது. படித்து முடித்துவிட்டு வேலைக்கு அலையும் சிலுவைராஜ், சான்றிதழுக்காக இந்துவாக மாறுகிறான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் சாதி கரைந்துவிடுமாம். 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளைத் தாக்கியவர்களும் கிறித்தவர்கள்தானே, அந்தத் தண்ணீர் அங்கே என்ன ஆயிற்று?

என் சான்றிதழில் 'இந்து' என்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் வங்கி வேலைக்குள் வந்தேன். எந்தக் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டாய் என்று ஓர் அதிகாரியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழுப்புரம் பக்கத்து மேல்பாதியைக் காட்டியிருப்பேன். திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் ஆட்களை 2023 ஏப்ரலில் அடித்து விரட்டினார்கள். ஜூனில் அரசாங்கம் கோயிலுக்கே சீல் வைத்தது.

ராஜ் கௌதமன் 2024 நவம்பர் 13 அன்று இறந்தார். பதின்மூன்றே நாளில், 26ஆம் தேதி, உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எழுத்தர் வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு அது. கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு இப்படிக் கேட்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடியாம். தெருவில் பறச்சி, கோர்ட்டில் கிறித்தவர். மோசடி செய்தது யார்?

இந்த வழக்குகளுக்கு மனு எழுதும் தோழர்கள் சிலுவைராஜின் கடைசிப் பக்கங்களையும் நகலெடுத்துக் கூட இணைக்கலாம். நீதிபதிகளும் கொஞ்சம் சிரிக்கட்டும்.