ஊழிக்காலத்தில் ஒரு சிரிப்பு: 'தோர்: ரக்னராக்' குறித்து

மூன்றாம் பாகம் என்றாலே பார்வையாளருக்கு ஓர் அயர்வு வந்துவிடுகிறது. 'தோர்' வரிசையின் முதலிரு படங்களைப் பார்த்தவர்கள் 2017இல் 'தோர்: ரக்னராக்' வெளிவந்தபோது பெரிதாக எதையும் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திரைக்குக் கொண்டுவந்து பெயர்பெற்ற கென்னத் பிரானா இயக்கிய முதற்படத்தில் (2011) அரசவைக் கம்பீரமாவது இருந்தது. 2013இல் வந்த 'தி டார்க் வேர்ல்ட்' அக்கம்பீரத்தின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு இருண்டு கிடந்தது. அடுத்த படம் நியூசிலாந்தைச் சேர்ந்த, மாவோரி மரபில் வந்த டைக்கா வைட்டிட்டியின் கைக்குச் சென்றது. அதுவரை சிறு முதலீட்டு நகைச்சுவைப் படங்களால் அறியப்பட்டவர் அவர்.

தொடக்கக் காட்சியிலேயே எதிர்பார்ப்பு தலைகீழாகிறது. சங்கிலியில் கட்டுண்டு தொங்கும் தோரிடம் நெருப்பரக்கன் சுர்டுர் உலகழிவை முழங்குகிறான். சங்கிலியோ மெல்லச் சுழல்கிறது. முகம் அப்பால் திரும்பிவிட, தான் சுற்றி வரும்வரை பொறுக்குமாறு தோர் கேட்டுக்கொள்கிறான். அரக்கனும் பொறுக்கிறான்! உரையாடலில் பேச்சுமுறை கைமாறுவதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல சான்று அமைவது அரிது. ஊழியை அறிவிப்பவனுக்கும் கேட்பவன் முகம் எதிரே இருந்தாக வேண்டியிருக்கிறது.

இப்படத்தின் நகைச்சுவையைப் பலரும் துணுக்குகளின் தொகுப்பாகவே கருதுகின்றனர். அது சரியன்று. முந்தைய படங்களில் தெய்வங்கள் உயர்நடையில் பேசின. அந்நடையே அவற்றின் அதிகாரத்துக்குச் சான்றாக இருந்தது. வைட்டிட்டி முதலில் உடைப்பது சுத்தியலை அன்று, அந்த நடையைத்தான். வைட்டிட்டியே குரல் கொடுத்த கோர்க் என்னும் கல்லுடல் வீரன் மென்மையான நியூசிலாந்து ஆங்கிலத்தில், அண்டைவீட்டார் நலம் விசாரிக்கும் தொனியில், புரட்சியைப் பற்றிப் பேசுகிறான். அறிவியல் புனைவுப் படங்களில் வேற்றுக்கோள் மாந்தர்க்கு எந்த ஆங்கிலம் வழங்கப்படும் என்பதில் நிலவிவந்த எழுதப்படாத விதி இங்கே ஓசையின்றிக் கைவிடப்படுகிறது.

ஆனால் மொழி மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் வேறு. சக்கார் கோளின் ஆட்சியாளன் கிராண்ட்மாஸ்டர் (ஜெஃப் கோல்ட்ப்ளம்) அடிமைகளை மோதவிட்டுக் களிப்பவன். ஆயினும் 'அடிமை' என்ற சொல் அவன் செவிக்கு ஆகாது. கிளர்ச்சிச் செய்தியைக் கொண்டுவரும் பணிப்பெண் சொல்லைத் திருத்திக்கொண்டு, 'வேலையுடைய கைதிகள்' ஆயுதமேந்திவிட்டதாக அறிவிக்கிறாள். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. இத்தொடர் எதில் அடங்கும்? நாணத்தால் மறைப்பதன்று, அமங்கலம் அஞ்சி மாற்றுவதுமன்று. கேட்பவர் அறியாதபடி ஒரு குழு தனக்குள் வழங்குவதும் அன்று, எல்லார்க்கும் பொருள் தெரிகிறது. ஆள்வோனின் மனம் கோணாதிருக்க ஆளப்படுவோர் சுமக்கும் சொல் அது. அரங்கு சிரித்து அடங்குமுன் காட்சி நகர்ந்துவிடுகிறது. அந்தச் சொல் நகர்வதில்லை.

இதே மறைப்பு ஆஸ்கார்டிலும் நிகழ்கிறது. ஓடினின் மூத்த மகள் ஹெலா (கேட் பிளான்செட்) அரண்மனைக் கூரையின் அமைதி ஓவியங்களை உடைத்து வீழ்த்துகிறாள். அடியில் இருப்பவை படையெடுப்பின் ஓவியங்கள். தங்க மாளிகைக்குப் பொன் எங்கிருந்து வந்தது என்னும் அவளது கேள்விக்குப் படத்தில் எவரிடமும் மறுமொழி இல்லை. குடியேற்றத்தின் வடுவைச் சுமக்கும் மண்ணிலிருந்து வந்த இயக்குநர், பேரரசின் வரலாறு எப்படிப் பூசி மெழுகப்படுகிறது என்பதைப் பெருநிறுவனப் படமொன்றுக்குள் இவ்வளவு வெளிப்படையாக வைத்தது எளிய செயலன்று. இதற்கு நகைச்சுவை திரையாக அமைந்ததா, துணிவைத் தந்ததா என்பது விவாதத்துக்குரியது. இரண்டாவதற்கே இடம் அதிகம்.

குறையும் உண்டு. முந்தைய படங்களில் தோரின் உற்ற தோழர்களாக வந்த மூன்று வீரர்கள் ஹெலாவின் கையால் கணநேரத்தில் மடிகின்றனர். அவர்களுக்காகப் படம் ஒரு நொடியும் நிற்பதில்லை. இறுதியில் ஆஸ்கார்ட் எரியும்போது, அடித்தளம் உறுதியாக இருந்தால் மீண்டும் கட்டிக்கொள்ளலாம் என்று கோர்க் ஆறுதல் கூறத் தொடங்குகிறான். அவன் கூறி முடிப்பதற்குள் அடித்தளமும் வெடித்துச் சிதறுகிறது. தாயகத்தை இழந்த மக்கள் கப்பலின் சாளரத்தின் வழியே பார்த்து நிற்கும் அக்கணத்தில் அந்த நகைச்சுவை வேண்டியதில்லை என்போர் பலர். அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே இயக்குநரின் 'லவ் அண்ட் தண்டர்' (2022), நோயுற்ற ஜேன் ஃபாஸ்டரின் துயரையும் விடாத கேலியையும் ஒரே தட்டில் வைத்துத் தடுமாறியபோது அந்த ஐயம் மேலும் வலுத்தது.