பள்ளத்து வீட்டுக்கு மரத்தரையாம்!

போன வாரம் பாளையங்கோட்டையில் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்பது வருஷத்து வீடு. முன்னறையில் கால் வைத்ததும் பலகை பொதுக்கென்று அமுங்கியது. ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கிறது. போட்டு ஒன்றரை வருஷம்தான். "கடைக்காரர் வாட்டர்ப்ரூஃப்னுதான் சொன்னாரு பெரியப்பா" என்கிறான்.

அந்த வாட்டர்ப்ரூஃப் மேலே சிந்துகிற காப்பிக்கு. கீழேயிருந்து வருகிற ஈரத்துக்கு அல்ல. கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே மயிரிழைத் துளைகள். மண்ணின் ஈரம் அவற்றின் வழியே ஏறி ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். பழைய சிவப்பு ஆக்சைடு தரையில் அது வந்ததும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது. அதன்மேல் நுரைத்தாளை விரித்து, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைப் போட்டு மூடினால் ஈரம் எங்கே போகும்? இணைப்பு வழியாகப் பலகைக்குள்தான். பிறகு பூஞ்சை. அதற்கும் பிறகு கரையான்.

வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறவேண்டும். இன்று ஒரு படி இறங்கவேண்டும். தார்மேல் தார் போட்டே வீட்டைப் பள்ளமாக்கிவிட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுதினார். அவன் தெருவுக்கு அந்தக் கடிதம் வந்துசேரவில்லை போலிருக்கிறது. மழை பெய்தால் சுவருக்கு வெளியே உள்ள மண், தரைமட்டத்துக்கு மேலேயே நனைந்து நிற்கிறது. பேர்தான் தரைத்தளம், உண்மையில் அது நிலவறை.

"அமெரிக்காவில் பேஸ்மென்ட்டிலேயே மரம் போடுறாங்களே" என்று ஒரு வாதம். போடுகிறார்கள். ஒழுங்காகக் கட்டிய வீட்டில் கான்கிரீட்டுக்கு அடியில் சரளையும் பாலிதீன் ஷீட்டும் இருக்கும், சுற்றிலும் வடிகுழாய் போகும், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடும். அப்படியும் முழு மரப்பலகை அங்கே வேண்டாம், அடுக்குப்பலகை போடு என்றுதான் அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். நம்மூரில் பலகை மட்டும் வந்தது, மற்றதெல்லாம் வரவில்லை.

2023 டிசம்பரை அதற்குள் மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஜங்ஷன் பக்கமெல்லாம் தாமிரபரணி. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில், வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கல்தரை முங்கும், வடிந்ததும் கழுவிவிட்டால் தீர்ந்தது. கல் போட்டவனுக்கு ஆற்றைத் தெரிந்திருந்தது.

ஆசை விடாதென்றால் முதலில் சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரம் பாலிதீன் ஷீட்டைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்ளே நீர் கோத்தால், தரை கறுத்தால், மரம் கூடாது. லேசான ஈரத்துக்கு எபாக்சி பூச்சோ, மேல்மடிப்பு விட்டு டேப் ஒட்டிய கனமான ஷீட்டோ உதவும். வெள்ளத்துக்கு அதுவும் உதவாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும்முன் அடியிலேயே ஷீட் விரியுங்கள். பலகை விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. இதைச் சொல்லாமல் பலகை விற்கிறவரை வியாபாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பலகை பெயர்ந்த மூலையில் ஒரு ஷீட்டை ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போன். "முத்து முத்தா தண்ணி நிக்கி பெரியப்பா."